இரண்டாவது ரப்பர் வளையம்

நீ துடைக்கும் துணியாக்கி வைத்திருந்த என் பழைய ஆபீஸ் சட்டையை இன்று காலை உன் ஸ்பானர் பெட்டியிலிருந்து எடுத்தேன். காலர் மட்டும் முழுதாக இருக்கிறது, மற்றதெல்லாம் கறுப்பு. முகத்தருகே கொண்டுபோனதும் பழைய என்ஜின் ஆயில் வாசனை அடித்தது. மனைவி போன பிறகு மல்லிகைப்பூவைப் பார்த்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இது. வலியசாலைத் தெருவில் நின்று அந்தச் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாமா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாளை உனக்கு முதல் வருஷத் திவசம். உன் தம்பி நாகர்கோவிலிலிருந்து நேற்றே வந்துவிட்டான். வண்டியில் நீ ஊற்றிய ஆயில்தான் இன்னும் கிடக்கிறது, மாற்ற வேண்டியதுதான். ஆனால் அவன் வந்திருக்கும்போது நான் மாற்ற உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த காரணம்.

அந்த அம்பாசடர் உன் அப்பாவுடையது. கண் மங்கியபோது அவர் சாவியைத் தம்பியிடம் கொடுக்காமல் உன்னிடம் கொடுத்தார். முன் சக்கரங்களை சரிவான மரப் பலகைகளில் ஏற்றிவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நீ அடியில் போவாய். டார்ச் பிடிப்பது, கேட்ட ஸ்பானருக்குப் பதில் வேறொன்றை நீட்டுவது, மழை வந்தால் வெளியே தெரியும் உன் கால்களுக்குக் குடை பிடிப்பது, இதெல்லாம் என் இலாகா. "ஆத்துக்காரி வேலை பாக்கறா, நீர் குடை பிடிக்கிறீர். பேஷ்!" என்று தெருவில் ஒருவர் சொல்லாத நாள் இல்லை. நீ சிரிப்பாய். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலால்தான் ஒரு சனிக்கிழமை நீ கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆயிலை வடிகட்டும் ஃபில்டரை நானே மாற்றினேன். அப்போது அது ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தின் வாய் என்ஜினில் பொருந்துகிற பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். ஒவ்வொரு முறையும் பழைய வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழையது சூட்டில் இறுகி, இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடக்கும். நான் பள்ளத்தைப் பார்த்தேன், வளையம் எதுவும் தெரியவில்லை. புதியதைப் போட்டுக் கிண்ணத்தை முடுக்கிவிட்டேன். நீ வந்ததும், "ரப்பர் மாத்தினேளா?" என்று கேட்டாய். "மாத்தினேன்" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தம்பியின் போன் வந்தது. அப்பாவுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது, உடனே புறப்படு என்றான். பஸ்ஸில் போய்விடலாம் என்று நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. "வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா அப்பா கண்ணைத் திறப்பார், பாருங்கோ" என்றாய்.

பாலராமபுரம் தாண்டியதும், ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிந்தது. அந்த நொடியே நீ என்ஜினை அணைத்து வண்டியை ஓரம் கட்டினாய், அதனால் என்ஜின் பிழைத்தது. பின்னால் சாலையில் நீளமாக ஆயில் கோடு. நீ அடியில் நுழைந்து கிண்ணத்தைக் கழற்றினாய். வெளியே வந்தபோது உன் உள்ளங்கையில் இரண்டு ரப்பர் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இருந்தன. பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதியதைப் போட்டதால்தான் ஆயில் கசிந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் தேவலை. "பஸ்ஸை நிறுத்துங்கோ" என்று மட்டும் சொன்னாய்.

நாம் போய்ச் சேர்வதற்கு அரை மணி முன்பு உன் அப்பா போய்விட்டார். தம்பி வாசலிலேயே உன்மேல் பாய்ந்தான். "கடைசி வரைக்கும் வாசலைப் பாத்துண்டே இருந்தார்டீ! எங்கே தொலைஞ்சே?" என்றான். அழுதுகொண்டே நீ சொன்னாய்: "வழியில ஆயில் கொட்டிடுத்துடா. ஃபில்டரை நான்தான் சரியா மாட்டலை." நான் உனக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்க இரண்டு நொடி போதும். திறக்கவில்லை. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவன் இந்த வீட்டுக்கு விசேஷங்களுக்கு மட்டும் வந்து, சாப்பிடாமல் திரும்பிப் போனான். நீ வாசல் வரை போய் நின்றுவிட்டு வருவாய். ஒவ்வொரு முறையும் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கோழை என்று என்னை நீ ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பதில் ஒரு அடாப்டர் செய்தாய். கிண்ணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வட்டத் தகட்டைப் பொருத்தினால், இந்தக் காலத்து டப்பா ஃபில்டரை மூடிபோலத் திருகிவிடலாம் என்றாய். காலண்டர் தாளின் பின்புறம் படம் போட்டு, ஆரியசாலைச் சந்தில் இருக்கும் லேத் பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "மாமீ, ஆயில் போற ஓட்டை ஒரு நூல் மாறினாலும் சரியாவாது, கேட்டோ" என்றார் லேத்துக்காரர். "அதனாலதான் மூணு தடவை அளந்தேன்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்துக்கொண்டேன்.

தகட்டைப் பொருத்திய அன்று என்னை அடியில் கூப்பிட்டாய். "விரலை வெச்சுப் பாருங்கோ" என்றாய். பழைய ரப்பர் மிச்சம் இருக்கிறதா என்று ஃபில்டர் உட்காரும் இடத்தைச் சுற்றி விரலால் தடவச் சொன்னாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. நீ ஊசியால் சுத்தம் செய்து டார்ச் அடித்துப் பார்த்திருப்பாய், ஆனாலும் நான் தடவி 'இல்லை' என்று சொல்லும் வரை புது ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாய். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "குத்திக் காட்டறயா?" என்று கத்திவிட்டேன். நீ நிதானமாக, "என் கண்ணைவிட உங்க விரலை நம்பறேன்" என்றாய். அன்று அதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். தப்புச் செய்த கையிடமே அந்த வேலையை ஒப்படைத்தாய் என்பது நீ இல்லாத இந்த ஒரு வருஷத்தில்தான் புரிந்தது. எனக்குப் புத்தி எப்போதுமே கடைசி பஸ்ஸில்தான் வரும்.

இன்று நான் அடியில் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தம்பி குடையோடு வந்து என் கால்களுக்குப் பிடித்தான். அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் பழைய ஃபில்டரைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு ஃபில்டரை மாட்டினது அவ இல்லைடா. நான். பழைய ரப்பரை எடுக்காம மாட்டினேன். அவ என்னைக் காப்பாத்தினா."

குடை நகர்ந்தது, என் கால்களில் மழை விழுந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான் என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து ஈர வேட்டியோடு பக்கத்தில் குந்தினான். குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தான்.

"பதினெட்டு வருஷம் அவ கையால ஒரு வாய் காப்பி குடிக்கலை நான்" என்றான். "இதை அவ இருக்கறச்சே சொல்லக் கூடாதா, அத்திம்பேர்?"

"சொல்லியிருக்கணும்."

அவன் என்னை மன்னித்தான் என்று உனக்கு எழுத மாட்டேன். அவன் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆயில் கையால் துடைத்துக்கொண்டேன். பிறகு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்போ பழைய ரப்பர் வந்துடுத்தா?" என்று கேட்டான். நான் தடவிப் பார்த்தாகிவிட்டது என்றேன். நகரச் சொல்லிவிட்டு அவனும் அந்த நல்ல வேட்டியோடு உள்ளே வந்தான். விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். "இல்லை" என்றான்.

புது ஃபில்டரின் ரப்பரில் நீ பூசுவதுபோலத் துளி ஆயில் பூசிக் கையாலேயே திருகி, புது ஆயிலை ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்துக்கொண்டது. அவன் பானெட்டில் கையை வைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான். "திவசம் முடிஞ்சு என்னை இதுலேயே கொண்டுவிடுங்கோ. இந்தச் சத்தம் அந்த வாசல்ல கேக்கட்டும்" என்றான். சாயங்காலம் காப்பி போட்டேன், குடித்தான். சர்க்கரை அதிகம் என்றும் சொன்னான்.

சோப்பு போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அவனுக்கும் போகவில்லை. நாளை உனக்கு எள்ளும் தண்ணீரும் விடும் கையில் அது இருக்கும், நீ தப்பாக நினைக்க மாட்டாய். நாளன்றைக்கு நாகர்கோவிலில் உன் அப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமல் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்.