வரிசையில் நின்ற விமானம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
2.2.2025

அன்புத் தம்பி தப்ரேஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ கனடா போய்ச் சேர்ந்ததை ரெஹான் சொன்னான். ஆபா போனை எடுப்பதில்லை என்று என் மகனிடமே குறைப்பட்டாயாம். எடுத்தால் கத்திவிடுவேன். அதனால்தான் காகிதம்.

செவ்வாய் விடியலில் அப்பா மவுத்தானார். அன்றைக்கே அடக்கம் செய்யவேண்டும் என்றார்கள் ஜமாத்தில். நான்தான் கெஞ்சினேன். ஒரே ஆண்பிள்ளை, கிளம்பிவிட்டான், முகத்தைப் பார்த்து அவன் கையால் மண் போடட்டும் என்றேன். ஐஸ் பெட்டியில் வைத்துப் புதன்கிழமை லுஹர் தொழுகை வரை காத்திருந்தோம். நீ வியாழக்கிழமை வந்து நின்றாய்.

பனியால் தாமதம் என்றாய். அல்லாவின் நாட்டம் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது, நீ போனில் சொன்னதாக, ரெஹான் வேறு கதை சொல்கிறான். உன் விமானத்துக்கு முதலில் பனியைக் கரைக்கும் மருந்தை அடித்து அனுப்ப ஆள் தயாராக இருந்ததாம். நீதான் வேண்டாம் என்றாயாம். ஏதோ ஓடையில் மீன் சாகுமாம்.

ஏன்டா, மீனுக்கு முன்னால் அப்பா எம்மாத்திரம்? நம் தெரு வாய்க்காலில் ஒருநாள் சிவப்பும் ஒருநாள் பச்சையுமாகச் சாயத் தண்ணீர் ஓடுகிறது. அதற்காக இங்கே யாரும் பெற்றவர் மய்யித்தை விட்டுவிட்டு நிற்கவில்லை.

ரெஹான் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது. போதும்.

உன் ஆபா
ருக்ஸானா

*

கனடா,
23.2.2025

அன்புள்ள ஆபாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

ரெஹான் சொன்னது உண்மை.

இறக்கையில் பனி ஒட்டியிருந்தால் விமானத்தை எழுப்பக் கூடாது, விழுந்துவிடும். கிளைக்கால் என்ற ரசாயனக் கரைசலைச் சூடாக்கிப் பீய்ச்சிக் கரைக்க வேண்டும். ஒரு விமானத்துக்கே நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும். முன்பெல்லாம் பயணிகள் ஏறும் இடத்திலேயே அடிப்பார்கள். வழிந்ததெல்லாம் மழைநீர்க் கால்வாயில் இறங்கிப் பின்னால் இருக்கும் ஓடையில் கலக்கும். அது அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். பனி உருகும் மாதத்தில் அங்கே நிற்க முடியாது, அப்படி நாறும். மீன்கள் வயிறு தெரிய மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

விமான நிலையத்தின் சுற்றுச்சூழல் பிரிவில், நான் வேலை பார்க்கும் இடத்தில், சில பேர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டித் தனி மேடை கட்ட வைத்தோம். அங்கே அடித்தால் வழிவது தொட்டியில் சேரும், சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். இந்தக் குளிர்காலத்திலிருந்து எல்லா விமானமும் வரிசையில் நின்று அந்த மேடைக்குத்தான் போகவேண்டும். நோயாளிகளை ஏற்றிப் போகும் விமானத்துக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கைக் கொடுக்கிற ஆள் நான்தான்.

டிசம்பரில் ஒரு விமானக் கம்பெனிக்காரர், பயணி ஒருவரிடம் போனைக் கொடுத்து என்னிடம் பேசச் சொன்னார். அந்த அம்மாளின் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம். "இங்கேயே அடித்து அனுப்பிவிடுங்கள்" என்று அழுதார். முடியாதம்மா என்றேன். அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவுக்காகக் கிளம்பிய அன்றைக்கு நான் விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி கொட்டியது. கரைசல் அடிக்கும் வண்டிகளை நடத்தும் மேற்பார்வையாளர் போன் செய்தார். "அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை சொல், இங்கேயே அடித்து முதலில் அனுப்புகிறேன்" என்றார். வரிசையில் நின்றால் லண்டனில் மாறவேண்டிய அடுத்த விமானம் தவறிவிடும் என்று எனக்குத் தெரியும், ஆபா. ஆனால் அந்த அம்மாளின் அழுகை காதிலேயே இருந்தது. வேண்டாம் என்றேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

தப்பு செய்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. அப்பா முகத்தைப் பார்க்காதது ஆறவும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். போனை மட்டும் எடுங்கள்.

தங்கள் தம்பி
தப்ரேஸ்

*

பிள்ளையார்பாளையம்,
15.3.2025

தம்பிக்கு ஸலாம்.

கடிதம் வந்தது. ஒரு வரி கேட்டேன், நீ பாடமே நடத்தியிருக்கிறாய். அந்த அம்மாளின் மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று நான் வேறு உட்கார்ந்து கவலைப்படுகிறேன், அதுவும் எரிச்சலாக இருக்கிறது. நோன்பு நேரம், வேலை தலைக்குமேல். அம்மாவால் இந்த வருடம் நோன்பு வைக்க முடியவில்லை. மற்றவை பிறகு.

ருக்ஸானா

*

பிள்ளையார்பாளையம்,
6.4.2025

தப்ரேஸுக்கு,

பெருநாள் முடிந்தது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள் அம்மா. முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு இல்லைன்னுட்டு தனக்கு மட்டும் சலுகை வாங்கிக்கினு வந்திருந்தான்னா, அவங்கப்பா முகத்தை எப்படிமா பார்த்திருப்பான்?" என்றாள். சண்டை போடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கபர் பக்கத்தில் நீ நிற்கவேண்டிய இடத்தில் ரெஹான் நின்றான். அது என் மனசை விட்டுப் போகாது. நீ செய்தது நியாயம் என்று அம்மா சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. அம்மாவுக்கு நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இதயம் பலவீனமாகிவிட்டது, நாள் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். "அவங்கிட்ட சொல்லிடாதேம்மா, வேலையைப் போட்டுட்டு ஓடியாந்துடுவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் கேட்டாள். கையை உதறிவிட்டு வந்து எழுதுகிறேன். போனில் இதைச் சொல்ல என் குரல் ஒத்துழைக்காது. தபால் வந்து சேர நாளாகும் என்பதால் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துப் போனில் அனுப்ப ரெஹானிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு தடவை ஜமாத்தில் போய்க் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. அம்மா மவுத்தானால் அன்றைக்கே எடுத்துவிடுவோம். உனக்காக ஒரு வேளைகூட வைத்திருக்கமாட்டேன்.

அதனால் இப்போதே வா. உங்கள் ஊரில் பனி கொட்டினால் கொட்டட்டும். அந்த மேடைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வரிசையில் நின்று வா. அம்மா உயிரோடு இருக்கிறாள். காத்திருப்பாள்.

உன் ஆபா
ருக்ஸானா