ரோடில்லாத அக்கரை

ஒக்டோபர், சனி இரவு

இவருடைய தங்கையின் மகளுக்கு இன்று கூர் நகரில், பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் இவர் தேங்காய் உடைக்காமல் அங்கே எதுவும் தொடங்காது.

அழைப்பிதழில் பத்து மணி. "பத்தெண்டால் எங்கட ஆக்கள் பன்னிரண்டுக்குத்தான் தொடங்குவினம்" என்று சொல்லி, வழியில் வாலன்சே ஏரிக்கரையில் காரை நிறுத்தினார். எத்தனையோ தடவை போய்வந்த வழி. ஒருநாளும் இறங்கியதில்லை.

எதிர்க்கரையில் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பாறை இடுக்கெல்லாம் காடு, காடெல்லாம் மஞ்சளும் செம்பு நிறமும். உச்சி முகிலுக்குள் போய்விட்டது. பட்டுச்சேலையோடு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற மனிதர், சப்பாத்து நனைய விளிம்பில் நின்றார். யுத்தத்தில் ஊரைவிட்டுப் படகில் தப்பிய இரவுக்குப் பிறகு இவர் எந்தப் படகிலும் ஏறியதில்லை.

மண்டபத்துக்குப் போக ஒரு மணியாகிவிட்டது. பிள்ளை காத்திருந்து களைத்துப்போயிருந்தாள்.

"எங்க நிண்டனியள் அண்ணை?" என்று கேட்ட தங்கைக்குக் கண் கலங்கியிருந்தது.

"மலையைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டம்" என்றார்.

ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் வழியில் சண்டை பிடித்தோம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். தங்கை கடைசிவரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாளைக்கு நான்தான் போன் எடுக்க வேண்டும்.

நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். இப்போது கட்டிலிலிருந்து கேட்கிறார்: "அக்கரையில ஒரு ஊர் இருக்காம், ரோடில்லையாம். வாற சனி படகு ஓடுமோ எண்டு பாருமப்பா."