என் வீட்டில் மட்டும் ஓடும் சிடி

2012 செப்டம்பர் 2, ஞாயிறு. ஹோகிடிகா

மழை. பால் லாரிக்கு லீவு, எனக்கும். கார் பந்தய கேம் சிடியை நேற்று டெஸ்ஸின் பழைய கேம் கடையில் விற்றுவிட்டேன். தம்பி ராஸ் வேலைக்கென்று பெர்த் நகரத்துக்குப் போனபிறகு இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் தொட ஆளில்லை. தனியாக ஓட்டி யாரை ஜெயிப்பது?

செப்டம்பர் 8, சனி

கதவை உடைக்காத குறையாக ஒருவன் தட்டினான். ரப்பர் பூட்ஸ், தாடி, கையில் என் பழைய கேம். பெயர் ஹேமி, மர ஆலையில் வேலையாம்.

"இத வித்தது நீங்கதானே? இதுல இருக்குற மலைப் பந்தயம் பூரா பூட்டிக் கெடக்கு. மொதல்ல வாங்குனவங்க வீட்டு மிஷின்ல மட்டுந்தான் தொறக்குமாம்."

உண்மைதான். புதிதாக வாங்கும்போது உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதிலுள்ள எண்ணை ஒரே தடவைதான் அடிக்க முடியும், நான் அடித்துவிட்டேன். அடுத்து வாங்குகிறவன் கம்பெனிக்குத் தனியாக இருபது டாலர் அழ வேண்டும்.

"அழுதுட்டுப் போங்களேன்" என்றேன்.

"காசு குடுத்து வாங்கின பொருளுக்கு மறுபடியும் காசா? செத்தாலும் குடுக்கமாட்டேன். உங்க வீட்லயே ஒரு மணி நேரம் ஓட்டிக்கிறேனே?"

என்ன நெஞ்சழுத்தம்! வீட்டைக் காட்டிக் கொடுத்தது டெஸ். இருக்கிறது அவனுக்கு. கதவைச் சாத்தியிருக்க வேண்டும். பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன் — ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 15

மறுபடி வந்துவிட்டான். வாடகையாம், ஒரு டப்பா நிறைய வெள்ளைக் குஞ்சுமீன். முட்டையில் கலந்து அடையாகச் சுட்டேன். ஆற்றில் எந்த இடத்தில் பிடித்தாய் என்றால், "எங்கம்மாவுக்கே சொன்னதில்ல" என்கிறான். இந்த ஊரில் யார்தான் சொல்வார்கள்!

கார் ஓட்டுவது மட்டும் — கடவுளே. வளைவுக்கு வளைவு பள்ளத்தில்.

செப்டம்பர் 29

பொறுக்க முடியாமல் நானே இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். நாலு தடவை மண்ணைக் கவ்வினான். "பால் லாரி ஓட்டுற பொம்பளகிட்ட வந்து மாட்டிக்கிட்டேனே!" என்று ஒரே புலம்பல். விலா நோகச் சிரித்தேன்.

அக்டோபர் 13

சனிக்கிழமையானால் விடிந்ததும் வீட்டைக் கூட்டுகிறேன். நானா!

அக்டோபர் 27

மலைப் பந்தயத்தில் இன்னும் மூன்று சுற்றுதான் பாக்கி. அது முடிந்தால் அவன் இங்கே வர ஒரு காரணமும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 5, திங்கள்

டெஸ் கடைக்குப் போனேன். ஆள் குஷியாக இருந்தான்.

"அந்தப் பூட்டைத்தான் கம்பெனிக்காரன் எடுத்துட்டானே! ஊரே திட்டினா தாங்குமா? இப்ப எல்லா மிஷின்லயும் ஓடுது. தூங்கிக் கெடந்த பழைய கேமெல்லாம் பறக்குது."

"எப்ப எடுத்தான்?"

"ஆச்சே ஒரு மாசம். அன்னிக்கே ஹேமிகிட்ட சொல்லிட்டேனே, உன்கிட்ட சொல்லலியா?"

ஒரு மாதம்! அப்படியானால் இத்தனை சனிக்கிழமையும்... தன் வீட்டிலேயே ஓடும் என்று தெரிந்தும்... திருட்டுப் பயல்! லாரி ஓட்டும்போதெல்லாம் சிரிப்பு வந்து தொலைக்கிறது.

நவம்பர் 10, சனி

இன்று பிடிபிடியென்று பிடிப்பதாக இருந்தேன். கதவைத் திறந்தால் அவன் கையில் சிடியைக் காணோம். இரண்டு வலை.

"புதன்கிழமையோட மீன் சீசன் முடியுது. பூட்ஸ் வச்சிருக்கியா?"

"எங்க போறோம்?"

"வா, காட்டுறேன். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, டெஸ்கிட்ட சத்தியமா கூடாது."

போனோம். முழங்கால்வரை நனைந்தேன். எந்த இடம் என்று இங்கேகூட எழுதமாட்டேன்.