நாய்கள் படுத்து வர ஒரு வேன்

என்னங்க,

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. மூன்று நாய்களையும் கூட்டிக்கொண்டு வேன் வாங்கக் கிளம்பிவிட்டேன். நேற்று அந்தச் சின்ன வேனை டேப் வைத்து அளந்துவிட்டு, "மூணும் தாராளமா நிக்கும்"னு சாதித்தீர்களே! நிற்கும்தான். ஊர் போய்ச் சேரும்வரை நின்றுகொண்டே வர அதுங்க என்ன கண்டக்டரா? மூணில் மூத்தவள் நம்ம கிழவிக்குக் காலை நீட்டிப் படுத்தால்தான் தூக்கமே வரும். அதனால் பெரிய வேன்தான். பின்சீட்டைக் கழற்றிவிடலாம். கிழவி ஏறிப் படுத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

"அப்ப எனக்கு எங்க இடம்?"னு முறுக்கிக்கொண்டு படுத்தீர்களே, முன்சீட் உங்களுக்குத்தான்.

பி.கு.: ஷெட்டிலிருந்து உங்கள் சைக்கிளை எடுத்துவிடுங்கள். வண்டி நீளம்.

இன்னொன்று: போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கிழவி ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தால், நீங்கள் ஒரு அதட்டல் போட வேண்டும். நான் சொன்னால் அவள் எங்கே கேட்கிறாள்?