பாதி காந்தலில், பாதி கிளென்மார்கனில்

என் அருமைப் பங்காளி கணேசா,

நல்லா இருக்கியா என்று எழுதிவிட்டு, இதென்ன கேள்வி என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ போய்ப் பத்து மாசம் ஆகிறது. அங்கே குளிர் உண்டா? கரண்ட் உண்டா? கரண்ட் இருந்தால் இந்நேரம் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை.

பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாதே. நான் ஊட்டி காந்தலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் அந்தோணி. நீ கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். எனக்கு மாதா கோயில், உனக்கு மாரியம்மன் கோயில். உன் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர், என் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வந்தவர். "நீங்க ரெண்டு பேரும் எப்படிய்யா பங்காளி ஆனீங்க?" என்று ஸ்டாண்டில் கேட்காத ஆள் கிடையாது. "செட்டுல பங்காளி" என்பாய் நீ. அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டாய்.

அந்த செட்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பங்களாவைக் காலி செய்துகொண்டு ஒரு அம்மா சாமான்களை விற்றார்கள். சோபாவுக்கும் கட்டிலுக்கும் ஜனம் அடித்துக்கொண்டது. மூலையில் ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு டிரங்கு நிறைய இசைத்தட்டு. யாரும் சீந்தவில்லை. நீதான் குனிந்து பின்பக்கம் பார்த்தாய். நிமிர்ந்தபோது உன் மூஞ்சியே சரியில்லை. "பங்கு போடலாமாடா?" என்றாய்.

அப்போதும் கஷ்டகாலம்தான். கொழுந்துக்கு விலை இல்லை, எனக்கு சவாரி இல்லை. என் ஸ்டெல்லா குதிகுதியென்று குதித்தாள். "அந்தக் காசுக்கு ஒரு மூக்குத்தியாவது எடுத்திருக்கலாம்!" நீ சிரிக்காமல் பதில் சொன்னாய். "இதுவும் மூக்குத்திதான் தங்கச்சி. நாளாக ஆக விலை ஏறும். நகையை பீரோவுல வச்சுப் பூட்டணும், இதைப் போட்டுக் கேக்கலாம். கஷ்டம் வந்தா விப்போம், வராட்டி கேட்டுக்கிட்டே இருப்போம்."

முழு செட்டும் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்பதும் உன் யோசனைதான். "உன்கிட்ட இருந்தா நீ வித்துருவே, என்கிட்ட இருந்தா நான் வித்துருவேன்." என்ன ஒரு நம்பிக்கை! வால்வு கண்ணாடி, ஜீப்பில் குலுங்கினால் போச்சு. அதனால் ஆம்ப்ளிஃபையரும் பிளேயரும் தட்டுகளும் என் வீட்டில். ஸ்பீக்கர் இரண்டும் எஸ்டேட் லைன் வீட்டில், உன் லயத்தில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன், பெட்டிகளைக் கம்பளியில் சுற்றி ஏற்றுவோம், காந்தலில் சாயங்காலம் வரை கேட்போம், திரும்பக் கொண்டுபோய் இறக்குவோம். பதினேழு வருசம். இரண்டு கிறுக்கர்கள்.

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். சீசன் படுத்துவிட்டது. காலையில் ஸ்டாண்டுக்குப் போய் மத்தியானம் வரைக்கும் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்டெல்லாவின் மூக்குத்தி உட்பட எல்லாம் அடகுக் கடையில்தான் இருக்கிறது. உன் சம்சாரம் செல்விக்குக் கொழுந்து பறிக்கிற வேலை வாரத்தில் நாலு நாள் வந்தால் பெரிசு. உன் மகள் பிரியா நர்சிங் இரண்டாம் வருசம். நன்றாகப் படிக்கிறாள், ஆனால் பீஸ் கட்ட இந்த மாசக் கடைசிதான் கெடு.

இந்த நேரம் பார்த்து கோயமுத்தூர்க்காரர் ஒருவர் சவாரி வந்தார். மழை பிடித்துக்கொண்டது, டீ குடிக்க வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆம்ப்ளிஃபையரைப் பார்த்ததும் டீயை வைத்துவிட்டார். "ஏனுங்க, இதை எங்கீங்க புடிச்சீங்க?" என்று குனிந்து பின்பக்கம் பார்த்தார். உன்னை மாதிரியே பார்த்தார்டா. நிமிர்ந்தபோது அவர் மூஞ்சியும் சரியில்லை.

"இதோட ஸ்பீக்கர் எங்கீங்க?"

"பங்காளி ஊட்டுல இருக்குங்க."

பிரியாவிடம் போட்டோ அனுப்பச் சொன்னேன். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "மலை ஈரத்துல மரம் இப்படி இருக்காதுங்களே! ஒரு பொட்டு பூசணம் இல்ல. யாருங்க பாத்துக்கிட்டாங்க?" அப்புறம் ஒரு விலை சொன்னார். நான் மறுபடி சொல்லச் சொன்னேன். பங்களாக்காரர்கள் தூக்கிப் போட்டதை இந்த மனுசர் ஏன் இப்படித் தேடி அலைகிறார்? கேட்டேவிட்டேன். "ஷேர்ல போட்டவனும் அழுவுறான், எடத்துல போட்டவனும் முழிக்கிறான். இதுல போட்டா, வெலை எறங்குனாலும் பாட்டுக் கேட்டது மிச்சமுங்க" என்றார். பங்காளி, நீ எப்போதாவது இவரைப் பார்த்துப் பேசினாயா?

எனக்கு விற்க மனசில்லை. ஆனால் பிரியாவின் பீஸ் இருக்கிறதே. இதுதான் நீ சொன்ன கஷ்டமா, இன்னும் பெரிசாக ஏதாவது வரும் என்று காத்திருக்கணுமா? நீ இருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாய். செல்விக்கு போன் போட்டேன். விலையைச் சொன்னேன். அவள் சொன்னாள்:

"விக்கலாம்ணே. ஆனா என் பங்கை நான் இன்னும் கேக்கவே இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. பாதி அவளுக்குத்தான் என்று சொல்லத்தானே கூப்பிட்டேன்? நான் என்ன ஏமாற்றுகிற ஆளா? ஸ்டெல்லாவிடம் பொரிந்து தள்ளினேன். "கேட்டா என்ன தப்பு? புருசன் பங்கு அவளுக்குத்தானே?" என்று அவளும் கொட்டு வைத்தாள். மூன்று நாள் உர்ரென்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பழைய பழக்கத்தில் வண்டி தானாக உன் லயத்துக்குப் போய் நின்றது.

பெட்டிகள் இரண்டும் அடுப்பின் சூடு இறங்குகிற சுவரோரம், பழைய சேலை போர்த்தி நின்றன. நான் உட்காரக்கூட இல்லை. "இந்தா பாரு செல்வி, சரிபாதி உனக்கு. வேணும்னா எழுதித் தர்றேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். "அய்யோ அண்ணே! அந்தக் கேக்குறது இல்ல. காதால கேக்குறது."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"இந்தப் பொட்டி நம்ம லயத்துக்கு வந்து பதினேழு வருசம். ஞாயித்துக்கிழமையானா தூக்கிட்டுப் போவீங்க, சாயங்காலம் கொண்டாந்து வைப்பீங்க. மழைக்காலத்துல அடுப்போரம் நகத்தி வைப்பேன், எண்ணெய் தொட்டுத் தொடைப்பேன், ஈரக் குடையை இந்தப் பக்கம் அண்ட விடமாட்டேன். இதுக்குள்ள என்ன சத்தம் இருக்குன்னு ஒருநா கூட நான் கேட்டதில்லண்ணே."

பங்காளி, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோயமுத்தூர்க்காரர் சொன்ன விலையில் பாதி அவள் தொட்ட எண்ணெய்க்குத்தான். பதினேழு வருசத்தில் "நீயும் வண்டியில ஏறு செல்வி" என்று நாம் ஒரு தடவையாவது சொன்னோமா? நான் சொல்லவில்லை, அது நிச்சயம். நீ சொன்னாயா? சொல்லி, துணி கிடக்கிறது, விறகு கிடக்கிறது என்று அவள்தான் மறுத்தாளா? அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன், பதில் எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். "அவரு குளிச்சுட்டு வந்து அடுப்புக்கிட்ட நின்னு ஒண்ணு முனகுவாரு. எந்தப் பாட்டுன்னு கேட்டா, அது உனக்குத் தெரியாதும்பாரு. அது எதுன்னு எனக்குத் தெரியணும்ணே. தெரிஞ்சுட்டா வித்துருவோம்." சொல்லிவிட்டு முனகியும் காட்டினாள். டேய், நீ ஒரு சுருதியில் நின்று பாடுகிற ஆளா? நீ கெடுத்ததை அவள் இன்னும் கொஞ்சம் கெடுத்து முனகினால் நான் எந்தத் தட்டு என்று சொல்வேன்? வெள்ளைக்கார வயலினா? நாகஸ்வரமா? லேபிள் கிழிந்துபோன தட்டில் என்ன மொழி என்றே தெரியாமல் ஒரு அம்மா பாடுவார்களே, அதுவா? வீட்டுக்கு வந்ததிலிருந்து டிரங்கைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் முனகிக்கொண்டிருக்கிறேன். ஸ்டெல்லா கதவைச் சாத்திவிட்டாள்.

இப்போது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு இதுதான். வர்ற ஞாயிற்றுக்கிழமை வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்டெல்லாவின் ஸ்வெட்டரில் சுற்றி, ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்து, பிளேயரையும் தட்டு டிரங்கையும் பின்னால் ஏற்றி உன் லயத்துக்குக் கொண்டுபோகிறோம். வண்டியை நான் ஓட்டுவேன், மடி ஸ்டெல்லாவுடையது. பதினேழு வருசம் குலுங்கும் குலுங்கும் என்று பயந்தோமே, மெதுவாக ஓட்டினால் குலுங்காது என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை பார். முதல் தட்டை செல்விதான் எடுப்பாள், முள்ளையும் அவள்தான் வைப்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அந்த செட்டு இனிக் காந்தலுக்குத் திரும்பாது. அவள் தேடுகிற பாட்டு கிடைக்கிற வரைக்கும் உன் வீட்டிலேயே பாடும், கிடைத்த பிறகு உன் வீட்டு வாசலிலிருந்துதான் கோயமுத்தூர் போகும். கெடு முடியும் முன்னே கிடைத்துவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டியிருக்கிறேன். சீக்கிரம் கிடைத்துவிடக் கூடாது என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். உனக்கு அது எந்தத் தட்டு என்று தெரியும். சொல்லாதே. அவளே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

உனக்கும், இத்தனை வருசம் கழித்து செல்விக்கும்,
செட்டில் பங்காளி,
அந்தோணி