துடைத்து வைத்த வீடு

இன்று மாலை எதிர்வீட்டில் லெமன்கிராஸ் எண்ணெய் ஊற்றித் தரை துடைத்தார்கள். ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்ததும், மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது உன் வீட்டு வாசனை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் ஊர் கவரைப்பேட்டையில் ரயில் நின்றால் இன்னமும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து பொன்னேரிக்குத் திரும்பும் வழியில் அங்கே எத்தனை முறை இறங்கியிருப்பேன்! ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தாலும் உனக்கும் எனக்கும் வேறு வேறு ஷிப்ட். நான் வரும் நேரம் நீ வீட்டில் இருப்பாய். ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு. ஆனாலும் எப்போது வந்தாலும் தரை பளிச்சென்று இருக்கும். துவைத்த துணிக் குவியலைக்கூட ஒரு சுத்தமான போர்வையால் மூடி வைத்திருப்பாய்.

"போன் பண்ணிட்டு வந்திருக்கணும், இல்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொல்லிகினு வர்றவங்க விருந்தாளி. சொல்லாம வர்றவங்கதான் சொந்தம். உள்ள வாடி," என்றாய்.

பிறகு நீ வேலைக்கு வருவதை நிறுத்தினாய். இடுப்பில் பிடிப்பு என்றாய். அப்போதும் வந்தேன். அப்போதும் தரை ஈரம் காயாமல் அதே வாசனையோடு இருந்தது. நீ இளைத்திருந்ததைப் பார்த்தேன். ஆனால் உன் முகத்தைவிட உன் வீட்டைத்தான் நம்பினேன். "இன்னாடி, நோயாளி ஊடு மாதிரியா கீது இது? என் ஊட்டை வந்து பாரு," என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று டீ போட்டாய்.

அந்த வாரம் கேன்டீனில் ஒருத்தி கேட்டாள், "நாம மாத்தி மாத்தி போய் அவளுக்கு ஆக்கிக் குடுத்துட்டு வரலாமா?" எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். உன்னைப் பார்த்துவிட்டு வருகிறவள் நான் ஒருத்திதானே.

"அவளுக்கு இன்னா? ஊட்டை கண்ணாடி மாதிரி வெச்சுகினு கீறா. நாம போனா அவதான் நமக்கு ஆக்கிப் போடுவா," என்றேன். சிரித்தார்கள். பேச்சு அத்தோடு போயிற்று.

கர்ப்பப்பையில் புற்றுநோய் என்பதே, நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மீதியை, உன் காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் சொன்னார்.

"தெனமும் உங்க ரயில் வர்ற நேரத்துக்கு எழுந்துக்குவா. பாயைச் சுருட்டிடுவா, மாத்திரையை மறைச்சிடுவா. வாந்தி நாத்தம் தெரியக் கூடாதுன்னு லெமன்கிராஸை ஊத்தித் தொடைப்பா. நான் தொடைக்கிறேன்னாலும் உட மாட்டா."

"தெனமுமா? நான் தெனம் வர்லியே!"

"'வந்தாலும் வருவா'ன்னுவா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே..."

"சொல்ல உடல. 'அவ வந்து சிரிச்சுகினு உட்கார்றது ஒண்ணுதான் கீது, அதையும் கெடுத்துடாத'ன்னுட்டா."

அவர் குறையாகச் சொல்லவில்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தபோது என் அண்ணன் மனைவி சொல்லாமல் வந்து நின்றார். நாற்காலி நிறைய துணி, கழுவாத பாத்திரம். எழுவதற்குக் கையை ஊன்றினேன். உன் நினைவு வந்தது. அப்படியே படுத்துக்கொண்டேன்.

"முடியல அண்ணி. ஊடு குப்பையா கீது. அப்படியே வாங்க."

அண்ணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கக் கேட்க, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டில் டீ குடித்தாலும் டம்ளரை நானே கழுவி வைக்கிறேன். "நீ இன்னாத்துக்கு? வெச்சுடு," என்று தடுக்கிறார்கள். நீயும் அப்படித்தான் சொல்வாய். நீ சொன்னபோது நான் கழுவாமலே வைத்துவிட்டேன்.