ஆத்தா பானையில் இருந்த அரிசி

லாபு தோட்டம்
மாசி மாதம்

அன்பு மகள் பஞ்சாலைக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தைப்பிங்கில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் மாரியாத்தா காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கை வள்ளிநாயகியும் சுகம். ஒரு பேர் குறைகிறதே என்று உனக்கு இதற்குள் பட்டிருக்கும். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலே படி. உன் அம்மா தை மாதக் கடைசியில் போய்விட்டாள். குளிர் காய்ச்சல்தான், கொயினா மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை, உனக்கு ஆள் அனுப்பவும் வழியில்லை. கேள்விப்பட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள், வாயும் வயிறுமாக இருப்பவள், வெந்நீராக ஊற்று.

எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மா, அழுதுடுங்க அண்ணே நெஞ்சுல தேங்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது, ஊன்றினாலும் ஊன்றியது தெரியவில்லை. விடிந்தால் வேலை வாங்கும் மண்டோர் காட்டுகிற இடத்தில் மரவள்ளிக் குச்சி நடுகிறேன், பொழுது சாய்ந்தால் வருகிறேன், உங்கம்மா எங்கே என்று வள்ளியிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். உன் அம்மாவின் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. கூரை ஒழுகினால், ஒரு மூலையிலதானே ஒழுகுது ஆத்தா புண்ணியம் என்பாள், மற்ற மூன்று மூலையும் ஒழுகட்டும் அப்போது பெரிய பூசையாகப் போடலாம் என்று நான் கிண்டல் செய்வேன். கடைசி நாளிலும் மரவள்ளி வேகவைத்த தண்ணீரைத்தான் கொடுத்தேன், சூடா இருக்குங்க, ஆத்தா புண்ணியம் என்றாள். அது சூடாக இல்லை.

சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பிடியரிசிப் பானை உனக்கு நினைவிருக்கும். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் போடுவாள், ஆடித் திருவிழாவுக்குக் கூழ் ஊற்றக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். சப்பான்காரன் வந்து பங்கு அரிசியைக் குறைத்த பிறகு அது காலிப் பானை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் போன பிறகு இறக்கிப் பார்த்தால் பாதிப் பானை அரிசி, வேப்பிலை போட்டு மூடி வைத்திருக்கிறாள். எல்லாம் அவள் பங்கில் கிள்ளிப் போட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது பஞ்சாலை. இதில் கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ, ஆத்தாளுக்கு எடுத்து வைத்ததை அவள் தொடவும் இல்லை எனக்குக் காட்டவும் இல்லை. அன்றைக்கு ஆத்தா படத்துக்கு நான் விளக்கு ஏற்றவில்லை.

அந்த வாரமே வள்ளி படுத்துவிட்டாள். மரவள்ளி எதைக் கொடுத்தாலும் வாந்தி, கண் உள்ளே போய்விட்டது. அரிசிக் கஞ்சி தங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அரிசி வீட்டில் இருக்கிறது, ஆனால் அது கோயில் சொத்து, நானோ கருமாதி முடியாத தீட்டுக்காரன். பூசாரியைக் கேட்கலாம் என்றால் அவர் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்தான், திரும்பவில்லை. இந்தப் பிள்ளையையும் பறிகொடுக்கப் போகிறேன் என்று தெரிகிறது, கை மட்டும் அந்தப் பானைப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. ராக்கம்மாதான் பானையைத் தூக்கிக்கொண்டாள். ஆத்தா அரிசியை ஆத்தா வாசல்ல பொங்கி பசிச்ச புள்ளைங்களுக்கு ஊத்துனா என்னண்ணே குத்தம், நீங்க வெளிய நில்லுங்க போதும் என்றாள். கோயில் வேலிக்கு வெளியே நின்றேன். லயத்து வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் சிரட்டையோடு வந்துவிட்டன. வள்ளிக்கு முதல் வாய் ஊட்டினாள், தங்கியது. ராக்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, அக்கா புண்ணியம் என்றாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

வள்ளி இப்போது எழுந்து நடமாடுகிறாள், கவலைப்படாதே. கஞ்சி ஊற்றிய மறுநாள் காலை மரவள்ளி வற்றலை உலையில் போடப் போனேன், என் கை ஒரு பிடியை எடுத்து அந்தப் பானைக்குள் போட்டது. நான் நினைத்துப் போடவில்லை, மனசில் நன்றி என்று ஒன்றும் இல்லை, கோபம்கூட இன்னும் தீரவில்லை. ஆனாலும் தினம் போடுகிறேன். மனசு வருகிறபோது வரட்டும். உனக்கும் ஆத்தா மேல் கோபம் வந்தால் வரட்டும், விளக்கை மட்டும் நிறுத்திவிடாதே.

வெயிலில் அலையாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மாப்பிள்ளையைக் கணக்கெடுப்பு, ஆள்பிடிப்பு என்று யார் கூப்பிட்டாலும் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இரு. லுக்குட்டில் கடை வைத்திருக்கிற லியாக்கத் அலி பாய் அந்தப் பக்கம் போகிறார், அவர் கையில் இதையும் ஒரு துணி முடிச்சையும் கொடுத்திருக்கிறேன். கோயிலுக்குப் போகும் முன் ராக்கம்மா பானையிலிருந்து உனக்கென்று எடுத்து வைத்த ஒரு பிடி அரிசி அதில் இருக்கிறது, துணி உன் அம்மா சேலையில் கிழித்தது. கஞ்சி வைத்துக் குடி. ஒரு பிடிதானே என்று பார்க்காமல், உலையில் போடும் முன் நாலு அரிசியாவது கிள்ளித் தனியே வை. வைத்தாளா என்று உன் அம்மா என்னைக் கேட்பாள்.

இப்படிக்கு
உன் அப்பா
மாயாண்டி